அருள்தாஸின் குரல்

தொண்டையில் பொருத்தியிருந்த பேச்சுக் கருவியைச் செய்த கம்பெனி மூடப்பட்டு, அதன் மென்பொருளும் முடங்கியதும் அருள்தாஸின் பேச்சு நின்றுபோனது. அந்தக் கருவியின் இயங்குதளத்துக்கு நிரல் எழுத இனி யாருமில்லை. மாலை வகுப்பில் நிரலெழுதக் கற்ற அவன் மனைவி ரெஜினா, ஒரு நிரல்மொழியைத் தன் கணினியில் அந்தக் கருவிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றி அதனுள் ஏற்றினாள். இனி அந்த மொழி கருவிக்குள் தன்னைத்தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும்; தவறினால் அவனுக்குப் பேச்சே கிடையாது. எல்லாம் சரிபார்த்தும் நம்பிக்கை வராமல் அவன் கையைப் பிடித்திருந்தாள்.

"ரெஜி," என்றான். வந்தது அவளுடைய குரல்.

அவள் சட்டென்று கணினிப் பக்கம் திரும்பினாள். "என் கணினியில சோதனைக்கு வச்சிருந்த என் குரலும் கூடவே வந்துடுச்சுங்க. மாத்திடறேன்."

"மெதுவா மாத்தும்மா. இந்தக் குரல் நான் சொன்னபடி பேசறது, கல்யாணத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான்."