ஒன்பதாவது பாட்டு

மனைவி மரகதம் இறந்த பத்தாம் நாள், தனபாலன் அவளுடைய செல்போனோடு சி.டி. கடைக்கு வந்தார்.

"பன்னெண்டு பாட்டு பாடி வச்சிருக்கா. எப்பப் பதிஞ்சான்னே எனக்குத் தெரியாது. நாப்பது சி.டி. வேணும். காரியத்தன்னைக்குப் பந்தல்லயும் போடணும். ஒண்ணு கத்துது, ஒண்ணு காதுலயே விழல. எல்லாம் ஒரே சத்தத்துல வரட்டும்."

கடைக்காரர் இருதயராஜ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாட்டாகச் சமன்செய்தார். ஒன்பதாவது மட்டும் தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல் அமுங்கிக் கிடந்தது. ஏற்றினார். போதவில்லை. இன்னும் ஏற்றினார். பாட்டோடு அந்த அறையும் மேலே வந்தது. மின்விசிறியின் கிரீச்சல். பெல்ட் அடி விழும் ஓசை. அவள் மூச்சு முட்டி நின்ற இடத்தில், காலையில் கடையில் கேட்ட அதே குரல்.

"நிறுத்தாதடி, பாடு. அழுற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுச்சுன்னா கொன்னுருவேன்."

விட்ட வரியிலிருந்து, சுருதி பிசகாமல், அவள் தொடர்ந்தாள்.

சாயங்காலம் தனபாலன் சி.டி. பெட்டியை வாங்கிக்கொண்டார். "அந்தக் கம்மியா இருந்த பாட்டு?"

"ஏத்திட்டேன் சார்," என்றார் இருதயராஜ், அவர் முகத்தைப் பார்க்காமல். "பந்தல்ல கடைசி வரிசைக்கும் கேக்கும்."