தந்தி கேட்ட நண்டு

கடலுக்கடியில் முதன்முதலாகத் தந்திக் கம்பியை இறக்கியபோது, அது ஒரு நண்டின் வளை வாசலில் வந்து படுத்தது.

"உனக்குள்ள என்ன போகுது?" என்று நண்டு விசாரித்தது.

"சேதி. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு."

"என்ன சேதி?"

"யாருக்குத் தெரியும்? என் வழியாப் போகுதே தவிர, என்கிட்ட யாரும் சொல்றதில்லை."

நண்டு கொடுக்கைக் கம்பிமேல் வைத்துப் பார்த்தது. ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மடவை மீன் வந்து நின்றது.

"அண்ணே, அக்கரைக்குப் போன என் பிள்ளைங்க எப்படி இருக்காங்களாம்?"

அதன் முகத்தைப் பார்த்ததும் நண்டுக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

"சௌக்கியமாம்," என்றது.

அன்றிலிருந்து வளை வாசலில் கூட்டம். அதுவரை இறால்கூட மதிக்காத நண்டுக்கு இப்போது திருக்கை வழிவிட்டது. நண்டின் நடையிலும் ஒரு நிதானம் வந்துவிட்டது.

ஒருநாள் ஏதோ கப்பலின் நங்கூரம் இழுத்ததில் கம்பி அறுந்துபோனது. மறுநாளும் கூட்டம் வந்தது. மடவைதான் முன்னால் நின்றது. நண்டு கொடுக்கை வைத்து, கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது.

கம்பிக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் நேத்தே அறுந்துட்டேனே," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டது.

கூட்டம் நண்டைப் பார்த்தது. நண்டு கொடுக்கை எடுக்கவில்லை.

"அதனாலதான் இன்னைக்கு இரைச்சல் இல்லாம தெளிவாக் கேட்குது," என்றது.

மடவை இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து நின்றது.