அணைக்காத பெட்டி

"தண்ணி சொட்டச் சொட்ட ஓடி வர்றானே, அப்படி என்ன தலை போற காரியம்?"

கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த நூல் மில் மேஸ்திரி அரைக்கண்ணால் பார்த்தார்.

குளியலறையிலிருந்து துண்டோடு ஓடிவந்த அந்த ஆள், மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான். "அப்பாடா!" என்று மூச்சு விட்டான். வந்த வேகத்திலேயே திரும்பிப் போனான்.

அந்த ஆள் வேறு யாருமில்லை, மேஸ்திரியின் ஒரே மகளுடைய புருஷன். பெண் கேட்டு வந்த அன்று அவர் எதிரிலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவன். பதினோரு வருடமாகியும் ‘மாப்பிள்ளை’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

"எதுக்கும்மா அந்த ஆள் இப்படி ஓடி வர்றான்?"

"ரீஸ்டார்ட் பண்ணட்டுமான்னு கம்ப்யூட்டர் கேக்கும்ப்பா. ‘அப்புறம்’னு அமுக்கலேன்னா தானா அணைஞ்சுடும்."

"அணைஞ்சா குடி முழுகிடுமா?"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பால் ஆறுது, குடிங்கப்பா."

பேச்சை மாற்றுகிறாள் என்றால் விஷயம் இருக்கிறது.

அந்தப் பெட்டி ராப்பகலாக ‘உர்ர்ர்’ என்று உறுமிக்கொண்டே கிடந்தது. கரண்ட் போனாலும் நிற்காதபடி அதற்கென்று ஒரு பேட்டரி வேறு. மனுஷனுக்கே கிடைக்காத மரியாதை!

இன்னொன்றும் அவரை உறுத்தியது. தனியாக இருந்தவரை அவருக்குக் கோழித்தூக்கம்தான். இந்த வீட்டுக்கு வந்த பிறகு படுத்ததும் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறார்.

பாலில் எதையாவது கலக்கிறானோ? தன்னைத் தூங்கவைத்துவிட்டு இந்தப் பெட்டியில் என்ன திருட்டு வேலை நடக்கிறது?

மேஸ்திரி பையைக் கட்டிக் கட்டிலடியில் வைத்துவிட்டார். ஒரே ஒரு அத்தாட்சி கிடைக்கட்டும். மகளிடம் காட்டிவிட்டுத் தம்பி வீட்டுக்குக் கிளம்பவேண்டியதுதான். அப்புறம் இந்த வாசற்படியை மிதிப்பதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் வெளியே போனதும், தெருமுனைக் கடைக்குப் போய் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரனைக் கையோடு கூட்டிவந்தார். நாளைக்கு அந்த ஆள் விசாரித்தால் துப்புக் கிடைக்கக் கூடாதே! "நான் ஊர்லேருந்து வந்திருக்கிற சொந்தக்காரன்" என்று மட்டும் சொன்னார்.

"உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துச் சொல்லுப்பா. ஒண்ணையும் மறைக்கக் கூடாது."

சர்வீஸ்காரன் இங்கே தட்டினான், அங்கே தட்டினான். உதட்டைப் பிதுக்கினான்.

"ஒண்ணுமே இல்லைங்க. ஒரு வேலையும் செய்யாம சும்மா ஓடிட்டிருக்கு."

"சும்மாவா? நல்லாப் பாரு!"

"பார்த்துட்டேங்க. இருநூத்தி ஒன்பது நாளா அணைக்கவே இல்லை."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. அவர் இந்த வீட்டுக்கு வந்து இருநூற்றுப் பன்னிரண்டு நாள். பகை வளர்க்கிறவனுக்கு நாள் கணக்கு தப்புமா? அவர் வந்த மூன்றாம் நாளிலிருந்து ஓடுகிறது!

"அப்ப எனக்காகத்தான் வச்சிருக்கான்" என்று தனக்குள் முணுமுணுத்துப் பல்லைக் கடித்தார். "அணை அதை."

"வீட்டுக்காரர் வைவாருங்க."

"நான் சொல்றேன்ல? அணை!"

சர்வீஸ்காரன் அணைத்தான்.

உறுமல் இறங்கி, தேய்ந்து, நின்றது.

கூடத்தில் அப்படியொரு அமைதி. மேஸ்திரிக்குக் குப்பென்று வியர்த்தது. நூல் மில்லில் ஓடுகிற மெஷின் திடீரென்று நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எவனோ உள்ளே கையைக் கொடுத்துவிட்டான்.

"யாரு? யாருக்கு என்னாச்சு?" அவரையறியாமல் அலறிவிட்டார்.

"ஐயையோ, யாருக்கும் ஒண்ணுமில்லைங்க! நீங்க சொல்லித்தானே அணைச்சேன்?"

மேஸ்திரி கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சர்வீஸ்காரன் பெட்டியைத் திறந்து தூசியை ஊதினான். "இந்தச் சத்தமெல்லாம் உள்ளே இருக்கிற பழைய ஃபேன்லேருந்து வர்றது. புதுசு போட்டா மூச்சுச் சத்தம்கூட வராது. அவரு கடைக்கு வந்தப்ப மூணு தடவை சொல்லிட்டேன். வீட்டுக்காரர் கூடவே கூடாதுன்னுட்டாரு."

"ஏனாம்?"

"இந்த வீட்டுல அவரு மாமனார் இருக்காராமே. நாப்பது வருஷம் நூல் மில்லு மெஷினுக்கு நடுவுல நின்னவராம். சத்தமில்லேன்னா தூக்கத்துல ‘யாருக்கு என்னாச்சு’ன்னு அலறி எழுந்துப்பாராம். வந்த புதுசுல ரெண்டு நாள் அப்படித்தானாம். மூணாம் நாள் தற்செயலா இது ஓடிட்டிருக்க, மனுஷன் குழந்தை மாதிரி தூங்கியிருக்காரு. அன்னியிலேருந்து அணைக்கிறதே இல்லையாம்."

மேஸ்திரி நின்றுபோன பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

சர்வீஸ்காரன் குரலைத் தாழ்த்தினான். "பெரியவர் ரோஷக்காரராம். தெரிஞ்சா வீட்டை விட்டே கிளம்பிடுவாராம். நீங்க அவர் காதுல போட்டுடாதீங்க. உள்ளேதான் தூங்குறாரா?"

மேஸ்திரி கட்டிலடியில் இருந்த பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

"இப்பத்தான் முழிச்சாரு" என்றார். "பழைய ஃபேனே இருக்கட்டும்ப்பா. சீக்கிரம் மூடிப் போடு. எங்க மாப்பிள்ளை வர்றதுக்குள்ள அது ஓடணும்."