தந்தி இல்லாத வகுப்பு

பக்கத்து அறையில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் துரைசிங்கம் போட்ட புகாரில், பொதுத்தேர்வு முடியும்வரை யுகுலேலே என்ற குட்டிக் கிதார்கள் எல்லாவற்றின் தந்திகளையும் கழற்றிவிடச் சொன்னார் தலைமையாசிரியை. இசை ஆசிரியை ஜெசிந்தா மறுபேச்சுப் பேசவில்லை; பாடத்தையும் நிறுத்தவில்லை. பிள்ளைகள் வெறும் மரத்தில் விரல் பதித்து வாசித்தார்கள்.

"நிலவரசி, உனக்கு மட்டும் சுருதி இறங்குது பாரு."

நிலவரசி முறுக்காணியைச் சற்றே திருகிக்கொண்டாள். அப்படியும் சேரவில்லை. ஜெசிந்தா கையை உயர்த்தினாள். பாட்டு பாதியில் நின்றது.

கொஞ்ச நேரத்தில் சாக்பீஸும் கையுமாகத் துரைசிங்கம் வாசலுக்கு வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அத முழுசா முடிச்சிருங்க மிஸ்" என்றார். "பாதியில விட்டா எம் பசங்களுக்குக் கணக்கு ஓட மாட்டேங்குது."