பின்கதவு

"பின்கதவை உடைச்சுக்கிட்டு உள்ள பூந்திருக்கான். கேஸ் எழுதும்மா."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடி வெர்லின் பிரெக்கி உத்தரவு போட்டார். ஷெரிப் ஆபீசிலிருந்து வந்திருந்த போலீஸ்காரி மார்சி எழுதவில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டாள்.

"பூந்தவர் உங்க கூடப் பொறந்த தம்பி, பெரியவரே."

"பதினோரு வருஷமா எனக்குத் தம்பி கிடையாது."

அது மார்சிக்கும் தெரிந்த கதைதான். மினசோட்டாவில் அந்த ஏரிக்கரை ஊர் முழுக்கத் தெரிந்த கதை. ஏரி உறைந்ததும் அதன் மேல் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்க, அவர்கள் அப்பா தன் கையால் கட்டிய மரக்குடில். மார்ச் பாதிக்குள் கரைக்கு இழுத்துவிட வேண்டும். அந்த வருஷம் தம்பி டுவேன் இழுக்காமல் விட்டானாம். பனிக்கட்டி இளகி உடைந்து, அப்பாவின் இரும்பு அடுப்போடு குடில் ஏரிக்குள் போனது. இதை வெர்லின் காபிக் கடையில் சொல்லாத நாளில்லை. டுவேன் ஒரு நாளும் மறுத்ததில்லை. "குத்தம் உள்ளவன் எப்படி வாயைத் திறப்பான்?" என்பார் வெர்லின்.

"இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க."

"ஞாயிறு."

"செவ்வாய். சனிக்கிழமை படுத்தவரு, நேத்து ராத்திரி உங்க தம்பி வந்து உலுக்கற வரைக்கும் எழுந்திருக்கலை. இன்னும் அரை நாள் போயிருந்தா நான் கேஸ் எழுத வந்திருக்க மாட்டேன். வேற ஒண்ணு எழுத வந்திருப்பேன்."

வெர்லின் விரல்விட்டுக் கிழமையை எண்ணிப் பார்த்தார். இரண்டு நாளைக் காணவில்லை.

டாக்டரம்மா குறுக்கே வந்தாள். "தூக்க மாத்திரை ஒண்ணு போடச் சொன்னா மூணு போட்டிருக்கீங்க. போட்டதை மறந்து மறுபடியும் போட்டிருக்கீங்க. அதுக்கு மேல பிராந்தி வேற."

"லோர்னா போனதுலேர்ந்து ஒண்ணுல தூக்கம் வரலை."

மனைவி இறந்து இரண்டு வருஷம்.

"அது கிடக்கட்டும்" என்றார் வெர்லின். "நான் எழுந்திருக்கலைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? வேவு பாக்கறான். வீட்டு மேல கண்ணு. கூப்பிட்டுக் கேளும்மா!"

வராந்தாவில் உட்கார்ந்திருந்த டுவேன் உள்ளே வந்தான். அவனுக்கும் அறுபதைத் தாண்டியாயிற்று. கதவுக் கண்ணாடி கிழித்த கையில் கட்டு. செல்போனை எடுத்து மார்சியிடம் நீட்டினான்.

வந்த அழைப்புகளின் பட்டியலை அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"தினமும் ராத்திரி எட்டு மணி. உங்க வீட்டு நம்பர்லேர்ந்துதான் வந்திருக்கு, பெரியவரே. அரை மணி, முக்கால் மணி. ஞாயிறும் திங்களும் மட்டும் இல்லை."

"பொய்! இவனைக் கூப்பிட்டா என் கை அழுகிப் போகும்!"

"இந்த மாத்திரையை இப்படிப் போட்டா அப்படித்தான்" என்றாள் டாக்டரம்மா. "முழிச்சிருக்கற மாதிரியே பேசுவாங்க, சமைப்பாங்க. சிலபேர் காரைக் கூட எடுத்துடுவாங்க. காலையில ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

வெர்லின் யோசித்துப் பார்த்தார். விடிந்து பார்த்தால் டெலிபோன் ரிசீவர் நாற்காலியில் கிடக்கும். எத்தனை நாள் பூனையைத் திட்டியிருக்கிறார்.

"ஏண்டா சொல்லலை?" பதினோரு வருஷத்தில் நினைவோடு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை.

"சொன்னா நிறுத்திடுவியோன்னுதான்."

"மாத்திரையையா?"

"போனை." டுவேன் தரையைப் பார்த்தான். "நாக்கு குழறும்போதே மாத்திரை வேலைன்னு புரிஞ்சுது. தப்புதாண்ணே. உன் குரலைக் கேக்கற ஆசையில உன்னைச் சாகக் குடுக்கப் பாத்தேன்."

டாக்டரம்மா மாத்திரை டப்பாவை எடுத்தாள்.

"ஒரேயடியா நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். டப்பா உங்க கையில இருக்கவும் கூடாது. யார்கிட்ட குடுக்கட்டும்?"

வெர்லின் ஜன்னலைப் பார்த்தார்.

"அவன்கிட்டயே குடுங்க. உடைச்ச கதவைச் சரிபண்ண எப்படியும் வந்துதானே ஆகணும்."

"அப்ப கேஸ்?" என்றாள் மார்சி.

"கதவை ஒழுங்கா மாட்டறானான்னு பாத்துட்டுச் சொல்றேன். கொண்டி அடிக்கறதுல அவன் எப்பவும் அரைகுறை."

மார்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளம்பினாள். டாக்டரம்மாவும் டப்பாவை டுவேனிடம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"தினமும் என்னதாண்டா பேசினேன்?"

டுவேன் தொப்பியைக் கையில் சுற்றினான். "என்னத்தைப் பேசுவே? பனி, பூனை, லோர்னா அண்ணி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வெர்லின் போர்வை நுனியை முறுக்கினார், பிரித்தார், மறுபடியும் முறுக்கினார். காபிக் கடையில் பதினோரு வருஷம் தாராளமாகப் புரண்ட நாக்கு இப்போது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"டேய் டுவேன். அந்த வருஷம் குடிலை இழுக்க வேண்டியது உன் முறை இல்லை. என் முறை."

"தெரியும்ணே. எழுநூறு தடவை சொல்லிட்டே." டுவேன் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "முழிச்சுக்கிட்டுச் சொல்றது இதான் முதல் தடவை."