பதினோராவது பெயர்

கூடலூர் பஸ் ஐந்தரைக்கு. அதற்குள் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். அதில் போக வேண்டிய கல் கொத்துகிறவர் கடைத்தெருவில் காத்திருக்கிறார்.

கருணாகரன் சபைப் பதிவேட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து மழையில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிய கை. பேனா பிடிக்க விரல் சரியாக மடங்கவில்லை.

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, இந்தக் காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கிய பத்தொன்பது குடும்பங்களின் சபைக்கு இது இருபத்தைந்தாம் வருடம். வந்த வழியில் செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வாசலில் நிறுத்தப்போகிறார்கள்.

கப்பலிறங்கித் தங்கிய மண்டபம் முகாமில் அந்தக் குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்துகொண்ட நாளிலேயே ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தவர் அவர். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு. மூன்றே நாள் உயிரோடிருந்த குழந்தைக்கும் அதில் ஒரு வரி உண்டு. கருணாகரன் பேனாவைத் திறந்தால்தான் எமனே படியேறுவான் என்று லயத்து வீடுகளில் கேலி பேசுவார்கள்.

பத்துப் பெயர் எழுதியாயிற்று.

யாரும் விட்டுப்போகவில்லையே என்று போதகர் மதியமே கேட்டிருந்தார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தார். அதுதான் இப்போது உறுத்திக்கொண்டிருந்தது.

யூனிஸ் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். புருஷன் பெயரைத் தவறியும் வாயால் சொல்லாதவள் என்று சபையில் அவளுக்கு நல்ல பெயர். அவரைக் கூப்பிடுவதெல்லாம் 'இந்தாங்க'தான்.

"அவரையும் எழுதிடுங்களேன்," என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை.

எழுதினால் எஸ்டேட் வேலை போகலாம். இந்த வீடும் போகலாம். ஆனால் அவருக்கு அலுத்துவிட்டது. துணிச்சலெல்லாம் இல்லை, வெறும் அலுப்புதான். சாவுப் பக்கத்தைத் திருப்பி எழுதினார்.

கருணாகரன். வயது இருபத்தேழு. தலைமன்னாரில் காய்ச்சல் கண்டு இறந்தார். மனைவி யூனிஸ்.

இந்தியா வருவதற்குப் புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்து ஒரே பாஸ். கப்பலுக்கு முதல் நாள் அந்தக் கருணாகரன் போய்விட்டான். வெளியே சொன்னால் பாஸ் ரத்தாகும், அவள் நடுவழியில் நிற்க வேண்டும். வழியனுப்ப வந்திருந்த பக்கத்து லயத்துக்காரனுக்கோ பாஸே கிடைக்கவில்லை. பாஸிலிருந்த போட்டோவில் மீசை மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது. அவனுக்கும் மீசை இருந்தது. செத்தவன் பெயரைச் சொல்லிக் கப்பலேறினான்.

ஊருக்காகப் புருஷன் பெண்டாட்டியாக இருந்தவர்கள், போகப்போக நிஜமாகவே அப்படி ஆகிப்போனார்கள். எஸ்டேட் வேலை, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் இனிஷியல், எல்லாமே அந்தப் பெயரில்தான்.

பக்கத்தில் இன்னும் ஒரு கட்டம் மிச்சமிருந்தது. எழுதியவர் கையொப்பம்.

பழக்கத்தில் 'க' என்று ஆரம்பித்த பேனா நின்றது. செத்தவன் சாவுக்குச் செத்தவனே எப்படிக் கையெழுத்துப் போடுவது? சொந்தப் பெயரை எழுதி இருபத்தைந்து வருடம் ஆகிறது. யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டும் அத்தனை வருடம்தான்.

யூனிஸ் அவருக்கு அருகில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் 'க'வைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"அதை அடிச்சிட்டு, சுடலைமணின்னு போடுங்க," என்றாள்.