ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி

“என்ன தைரியம் பாருங்க சார் இந்த ஆளுக்கு,” என்று ரெஸ்யூமேயை எச்.ஆர். அதிகாரியின் முன்னால் தள்ளினாள் கையேட்டுப் பிரிவின் மேலாளர்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு வந்த விண்ணப்பம். ஒரே பக்கம், பளிச்சென்று இருந்தது.

“நல்லாத்தானேம்மா எழுதியிருக்காரு?”

“கடைசி வரியைப் படிங்க.”

‘ஆஸ்பத்திரி ஸ்டெரிலைசர் மெஷினுக்கான கையேடு: தயாரிப்பில் சிறு பங்கு.’

“சார், அந்த மேனுவலை எழுதினது நான். முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் நான் ஒருத்திதான். அதைக் காட்டித்தான் இந்த வேலைக்கே வந்தேன். இதுல இவருக்கு எங்கேர்ந்து வந்துச்சு பங்கு?”

ரெஸ்யூமேயில் ‘பங்கு’ என்ற சொல்லைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. என்ன செய்தாய், அதனால் என்ன ஆயிற்று, இரண்டையும் ஒரு வரியில் சொல்லத் தெரியாதவருக்கு ஊருக்கெல்லாம் செய்முறை எழுதும் வேலை எதற்கு என்பாள். மொட்டையாகப் பங்கு என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்து மேஜைக்காரரின் உழைப்பில் குளிர் காய்கிறவர்கள் என்பது அவள் கட்சி.

“அப்போ கழிச்சுட வேண்டியதுதானே? எதுக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டீங்க?”

“நேருக்கு நேர் கேட்கணும் சார். காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். வேலை பார்த்த சின்னக் கம்பெனியை மூடி நாலு மாதம் ஆகிறது, இது ஆறாவது இன்டர்வியூ என்று கேட்காமலே சொன்னார். கேட்டதற்கெல்லாம் சரியான பதில். எழுதக் கொடுத்த பயிற்சியையும் நன்றாகவே செய்திருந்தார். அதில்தான் அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

“இந்த ஸ்டெரிலைசர் மேனுவல்ல உங்க பங்கு என்ன?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “சின்னதுதான் மேடம்.”

“சின்னதுன்னா?”

“ஒரு வரி.”

அதிகாரி இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார்.

“எந்த வரி?”

“ஒன்பதாம் பக்கம் மேடம். ‘அழுத்தமானியின் முள் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்கவும்.’”

ஆள் வசமாக மாட்டினார் என்று நினைத்தாள் அவள். எழுந்துபோய், அச்சாகி வந்த அன்றே வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த தன் பிரதியை எடுத்துவந்து, ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்து அவர் முன் வைத்தாள்.

“காட்டுங்க. எங்கே இருக்கு அந்த வரி?”

“இதுல இருக்காது மேடம். இது முதல் அச்சு.”

புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். ஆறாவது படி, சுவிட்சை அணைக்கவும். ஏழாவது படி, மூடியைத் திறக்கவும். நடுவில் ஒன்றும் இல்லை. உள்ளே கொதிக்கிற ஆவி அடங்கக் கால் மணி நேரமாவது ஆகும் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். இதை எழுதியபோது அந்த மெஷின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம்.

“யாருக்காவது கை வெந்துச்சா?” குரல் அவளுடையதாகவே இல்லை.

“எனக்குத்தான் மேடம், லேசா. நான் அப்போ அங்கே பேக்கிங்ல இருந்தேன். பெட்டியில வைக்கிறதுக்கு முன்னால ஒரு புத்தகத்தைப் படிச்சு, அதுல போட்டிருக்கிற மாதிரியே மெஷினை ஓட்டிப் பார்த்தேன். நல்லவேளை, ஒரு பெட்டிகூட வெளியே போகலை. அந்த வரியை எழுதிக் கொடுத்து, சீட்டா அச்சடிச்சு, பெட்டியில வைக்க இருந்த மூவாயிரம் புத்தகத்துலயும் ஒட்டினோம். ரெண்டாவது அச்சுல உள்ளேயே சேர்த்துட்டாங்க.”

ஒரு பெட்டிகூட வெளியே போகவில்லை. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

“இதை அப்படியே எழுத வேண்டியதுதானேய்யா?” என்றார் அதிகாரி. “முதல் இன்டர்வியூலயே எடுத்திருப்பாங்களே.”

“எழுதினா, அப்போ தப்பு பண்ணினது யாருன்னு அடுத்த கேள்வி வரும் சார். இந்தத் தொழில்ல இருக்கிறதே கொஞ்சம் பேரு. விசாரிச்சா பேரு வெளியே வந்துடும்.”

“அப்போ ரெஸ்யூமேல அந்த வரியையே விட்டிருக்கலாமே?”

“நான் எழுதின முதல் வரி சார். விட மனசு வரலை.” கொஞ்சம் தயங்கினார். “யாரோ புதுசா வந்தவங்க, பாவம். மேல சொன்னா அவங்க சீட்டு கிழிஞ்சுடும்னாரு சூப்பர்வைசர். சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன். ஆனா எப்படியோ தெரிஞ்சுபோச்சு போல. அடுத்த மாசம் கேட்டா, அவங்க இப்போ இங்கே இல்லைன்னுட்டாங்க. என்னாலதான் அவங்க வேலை போச்சோன்னு பதினோரு வருஷமா ஒரு உறுத்தல்.”

அதிகாரி மேஜையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். அவள் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

அவள் ரெஸ்யூமேயை அதிகாரியின் கையில் கொடுத்தாள். “இவருக்கு ஆர்டர் போட்டுடுங்க சார்.”

அப்புறம் வந்தவரின் பக்கம் திரும்பினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்னாள்.

“அந்தப் புதுசா வந்த ஆள் நான்தாங்க. என்னை யாரும் அனுப்பலை. வேற இடத்துல நல்ல வேலை கிடைச்சு, நானாத்தான் போனேன்.”

அவர் அவளையே பார்த்தார். நாலு பேச்சு வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள் அவள். ஆர்டர் என்ற சொல் அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை.

“அப்பாடா,” என்றார் அவர். “அப்போ உங்க வேலை போகலையா மேடம்?”